குலம் அண்ணையும் கொட்டில் கதவுகளும்

செய்தி வந்தபோது நான் குதிரைகளின் தண்ணீர்த் தொட்டியில் பனிக்கட்டி உடைத்துக்கொண்டிருந்தேன். "தம்பி, அண்ணை காலமை எழும்பேல்லை," என்றார் ஃபோனில் குலம் அண்ணையின் மனைவி. "ஓம் அக்கா" என்றேன். பிறகு மிச்சத் தொட்டிகளையும் உடைத்து முடித்தேன். அழுகை வரவில்லை; இன்னும் வரவில்லை.

குலம் அண்ணையை அறிந்தவர்களுக்கு ஒஷாவா நகருக்கு வடக்கே அவர் வேலை செய்த பண்ணையும் தெரிந்திருக்கும். குதிரைகளும் மாடுகளும் அங்கே உண்டு. மாட்டுக் கொட்டில் முழுவதும் அவர் பொறுப்பு. யூனியன்வில் நகரிலிருந்து போய் அவருக்குக் கீழே சேர்ந்தவன் நான். நான் ஃபோனில் வெதர் பார்த்தால் சிரிப்பார். "உந்த ஃபோனை வை. மாட்டின்ர முதுகைப் பார். விழுந்த சினோப் பனி கரையாமல் கிடந்தால் உடம்புச் சூடு வெளியாலை போகேல்லை, அதுக்குக் குளிரேல்லை. குளிர் உனக்குத்தான்."

ஒரு தை மாதம், காலையில் மழையும் சேறும். ஜக்கெட்கூடத் தேவைப்படவில்லை. மூன்று மணிக்குக் காற்றுத் திரும்பியது. பொழுதுபட முன்னரே நனைந்த நிலமெல்லாம் உறைந்துவிட்டது. அண்ணை தூரத்து வயலிலிருந்து குதிரைகளைக் கொண்டுவரப் போய், அவற்றோடேயே மினைக்கெட்டு, கொட்டில் பக்கம் வர முடியாமல் போய்விட்டது. நான் மாடுகளுக்கு இரங்கி, கொட்டிலின் கதவுகளையும் காற்று வர விட்டிருந்த வழிகளையும் இறுக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். பூட்டினால் சூடு என்றுதான் எனக்குத் தெரியும். ஈர மாடுகளின் மூச்சு வெளியேற வழியில்லை. காலையில் சுவரெல்லாம் தண்ணீர் வடிந்தது. அந்தக் கிழமைக்குள் இரண்டு கன்றுகள் நெஞ்சில் சளி கட்டிச் செத்தன.

பூட்டியது யார் என்று முதலாளி கேட்டார். தான்தான் என்றார் அண்ணை. வெளியே வந்ததும் என்னிடம், "உன்ர வேர்க் பெர்மிற் உந்த மனுசன்ர கையிலை. இங்கை நிரந்தரமா இருக்கிற பேப்பர் வரட்டும், பிறகு சொல்லு," என்றார்.

கொட்டிலை அவரிடமிருந்து எடுத்து என்னிடம் தந்தார்கள். அவர் குதிரைச் சாணம் அள்ளினார். கலியாண வீடுகளில் நம்மவர்கள் அவரைக் "கதவு பூட்டின குலம்" என்று பகிடி பண்ணினார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பேப்பர் வந்து மூன்று வருடமாகிறது. நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

நேற்று அவரைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்திலும் ஒருவர் அந்தப் பகிடியை அன்போடுதான் சொன்னார். அக்கா தலை குனிந்துகொண்டார். அப்போதும் நான் பேசாமல் நின்றேன். வெட்கமாயிருக்கிறது. வாயால் வராததை இங்கே எழுதுகிறேன்: பூட்டியது நான்.

அண்ணையின் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அவருடைய வேலையை வைத்திருக்கிறேன்.