மைதானத்துக்குப் போன சீர்வரிசை

எகிப்தின் மஹல்லா நகரத்துப் பெண்கள் உடம்பு இளைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிக் குவித்த சாமான்களில் பாதியாவது இன்ஷிராவின் மூட்டையிலிருந்து வந்தவை. அவள் ஒரு தல்லாலா. வீடு வீடாகப் படியேறித் தவணைக்குச் சாமான் விற்பவள். கடைக்குப் போக நேரமில்லாத நூற்பாலைப் பெண்களுக்கும், கடைக்குப் போகப் புருஷன் விடாத பெண்களுக்கும் அவள்தான் கடை.

போர்ட் சயீத் சுங்கமில்லாத துறைமுகமான புதிதில் அவள் கல்யாணமாகாத பெண். பஸ் பிடித்துப் போய், வெளிநாட்டுச் சரக்கை உடம்பில் உடுத்திக்கொண்டே ஊர் எல்லைச் சுங்கச்சாவடியைக் கடந்து வந்துவிடுவாள். அப்படித்தான் ஒரு ஆகஸ்ட் மாதம், வியர்க்க வைத்தே இளைக்க வைக்கும் என்று பெயரெடுத்த ரப்பர் சட்டைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, மேலே கலாபியா என்கிற கறுப்பு நீள அங்கியைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். வீடு வந்து சேர்ந்ததும் கண் செருகிக் கீழே விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள்.

"வேலை செய்யுதுடி!" என்றுதான் எழுந்ததும் சொன்னாள்.

அன்று அவள் உடம்பை விட்டுப் போனது வெறும் தண்ணீர். ஒரு குடம் குடித்ததும் அது திரும்பி வந்துவிட்டது. சட்டைகள் மூன்றும் மறுநாளே விற்றுப்போயின.

அதற்குப் பிறகு வந்தவற்றுக்குக் கணக்கில்லை. குளித்தால் கொழுப்பு கரையும் என்று ஒரு கடற்பாசிச் சோப்பு. குளித்தவர்கள் சுத்தமானார்கள், அவ்வளவுதான். மேலே நின்று இடுப்பைத் திருகினால் கொடியிடை வரும் என்று ஒரு வட்டத்தட்டு. சமையலறைத் தரையில் அது வழுக்கி இரண்டு பேர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்கள். சாட்டிலைட் சேனல்கள் வந்தபின், படுத்துக்கொண்டே இளைக்க மின்சாரப் பட்டை வந்தது. அது வயிற்றைக் கட்டெறும்பு கடிப்பதுபோலக் கடித்தது. கடிக்கும் மருந்துதான் கேட்கும் என்று நம்பி அதையும் வாங்கினார்கள்.

ராஜா மாதிரி வந்தது குலுக்கல் எந்திரம். தூணில் ஒரு மோட்டார், அதிலிருந்து ஒரு அகலப் பட்டை. பட்டையை இடுப்பில் சுற்றிச் சுவிட்சைப் போட்டால் ஆளையே குலுக்கும். மரத்தைக் குலுக்கினால் பழம் உதிரலாம். மனுஷியைக் குலுக்கினால் கொழுப்பு உதிராது. இதைப் புரிந்துகொள்ளப் பல்கலைக்கழகம் போக வேண்டியதில்லை. ஆனால் ஊரில் ஒரு பணக்காரன் தன் மகளின் சீர்வரிசையில் அந்த எந்திரத்தை வைத்து அனுப்பிவிட்டான். சீர் ஏற்றிய வண்டி மேளத்தோடு தெருவைச் சுற்றும்போது, ஃபிரிட்ஜுக்கும் சலவை எந்திரத்துக்கும் மேலே அது நின்றுகொண்டு வந்தது. அவ்வளவுதான். அடுத்த வருடம் எந்திரம் இல்லாத சீர் சீரே இல்லை என்றாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டே கேட்டார்கள். எட்டு மணி நேரம் தறி முன்னால் நின்று கால் வீங்கிய தாய்மார்கள், மகள் இருந்த இடத்திலேயே குலுங்க வேண்டும் என்பதற்காக மிகைநேர வேலை பார்த்தார்கள். மணப்பெண்களோ பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்தவர்கள் துணி காயப்போட்டார்கள்.

இன்ஷிரா இதையெல்லாம் பாதி நம்பியும் பாதி நம்பாமலும் விற்றாள். ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை நோய் அவள் பாதங்களுக்கு வந்தபோதுதான் முழுசாக யோசித்தாள்.

டாக்டர் நிவீன் அவள் பாதத்தில் விறைப்பான ஒரு மெல்லிய நைலான் நூலை வைத்து அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டாள்.

"என்ன தெரியணும்?"

டாக்டர் நூலைக் கீழே வைத்தாள். "சர்க்கரை முத்தி உங்க அக்காவுக்கு எந்தக் காலை எடுத்தாங்க?"

"வலது."

"இப்படியே விட்டா உங்களுக்கும் அதேதான். மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதியை நீங்கதான் செய்யணும். தினம் நடங்க."

"வீட்ல குலுக்கல் எந்திரம் ஒண்ணு விக்காம கிடக்கு, டாக்டர்."

"அதுமேல துணி காயப்போடுங்க. நீங்க நடங்க."

நடப்பது என்றால் சுலபம் என்று அந்தப் பெண் டாக்டர் நினைத்தாள் போலும். மஹல்லாவில் ஒரு பெண் எங்கேயாவது போகலாம். எங்கேயும் போகாமல் சும்மா நடக்க முடியாது. "எங்க கிளம்பிட்டீங்க ஹஜ்ஜா?" என்று, வயதில் மூத்தவளுக்குத் தருகிற மரியாதைப் பெயரோடு, ரொட்டிக்கடைக்காரன் முதல் டுக்டுக் ஆட்டோ ஓட்டுகிற பொடியன் வரை கேட்பார்கள். பதில் இருக்க வேண்டும். இன்ஷிரா காலிப் பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு காய்கறி வாங்கப் போகிறவள்போல் நடந்தாள். ஒரே தெருவில் இரண்டாவது சுற்று வந்தபோது கீரைக்காரி, "என்ன ஹஜ்ஜா, வழி மறந்துட்டீங்களா, இல்ல புதுசா யாரையாவது பாத்து வெச்சிருக்கீங்களா?" என்று கத்தினாள். தெருவே சிரித்தது. இன்ஷிராவும் சிரித்துவிட்டு நடந்தாள்.

அவளை நிறுத்தியது சிரிப்பில்லை, நடைபாதை. பாதி உடைந்து கிடந்தது, மீதியில் கடைகள். ஒருநாள் வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினாள். உள்ளே ரத்தம். பெருவிரலில் ஒரு ஆணி ஏறி இறங்கியிருந்தது. எந்தத் தெருவில் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் புண் ஆற ரமதான் வந்து போய்விட்டது.

"ஆறிடுச்சு. அடுத்த புண் ஆறும்னு நான் சொல்லமாட்டேன்," என்றாள் டாக்டர். "இனி தெருவுல நடக்கக் கூடாது. ஆனா நடக்காமலும் இருக்கக் கூடாது. சமமான தரை, கல்லில்லாத தரை தேடுங்க."

அந்தப் பேட்டையில் அப்படிப்பட்ட தரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: அரசு இளைஞர் மையத்தின் மைதானம். மதியத்துக்கு மேல் பையன்கள் பந்தாடுவார்கள். காலை முழுக்கக் காவல்காரர் பயூமியின் ஆட்டுக்குட்டி மேயும். இன்ஷிரா நேராக மைய இயக்குநர் ரிஃப்அத்தின் அறைக்குப் போனாள்.

ரிஃப்அத் கெட்டவரில்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் முயற்சி வேண்டும். தேநீர் வரவழைத்தார், அவளுக்குச் சர்க்கரை நோய் என்பதை மறந்து இரண்டு கரண்டி சர்க்கரை போட்டார்.

"பொம்பளைங்க நடக்கிறதா? மைதானத்துலயா? பேரே இளைஞர் மையம், ஹஜ்ஜா."

"கிழவன் டாமினோ ஆடறானே வராந்தாவுல, அவன் இளைஞனா?"

"பசங்க மதில்மேல ஏறிப் பாப்பாங்க."

"அப்ப பசங்களைக் கட்டி வைங்க, உஸ்தாத். எங்களை எதுக்குக் கட்டி வெக்கறீங்க?"

அவர் சிரித்தார். அப்புறம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "உங்களுக்கு வெளிய வர என்ன அவசியம்? வீட்டுக்கு வீடு எந்திரம் இருக்கு. என் மகளுக்கே நீங்கதானே வித்தீங்க! சுவிட்சைப் போட்டா முடிஞ்சுது. மைதானம் எந்திரம் இல்லாத ஏழைப் பசங்களுக்கு."

இன்ஷிரா தேநீரைக் குடிக்காமலே எழுந்து வந்தாள். வெயிலில் வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. வாசலை மூடினவர்களும் எந்திரத்தை விற்றவர்களும் ஒருவரையொருவர் தெரியாமலே கூட்டு வியாபாரம் நடத்தியிருக்கிறார்கள். ரேஷனில் சர்க்கரையும் எண்ணெயும் கொடுத்து, தெருவையும் அடைத்துவிட்டு, பெண்கள் பருத்துவிட்டார்கள் என்று விளம்பரத்தில் சிரிக்கிறார்கள். அந்த வியாபாரத்தில் மூட்டை தூக்கினவள் அவள்.

அன்று சாயங்காலம் கரீமான் வீட்டுக்குப் போனாள். கரீமான் ஆலையில் நூல் சுற்றி ஓய்வு பெற்றவள். உருவமும் பெரிசு, குரலும் பெரிசு. இன்ஷிராவின் மருமகள் ஹனாதியும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட வந்திருந்தாள். கரீமானின் எந்திரத்தில் வெள்ளைப் பூண்டுச் சரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை எனக்குத் திருப்பிக் குடு," என்றாள் இன்ஷிரா.

"எதுக்கு? மறுபடி விக்கவா?"

"இது வேலை செய்யாது."

"அடிப் பாவி! விக்கும்போது என்னடி சொன்ன? மூணு மாசத்துல என் புருஷனுக்கே என்னை அடையாளம் தெரியாதுன்னியே!"

"தெரிஞ்சுதா?"

"அந்த ஆளுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது."

சிரித்து முடித்ததும் இன்ஷிரா ரிஃப்அத் சொன்னதைச் சொன்னாள். எந்திரம் இருக்கிறது என்பதுதான் அவருடைய சாக்கு. எல்லோரும் எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வாசலிலேயே இறக்கிவிட்டால்?

"குப்பைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடுவார்," என்றாள் கரீமான்.

ஹனாதி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "குப்பையா போனா திருப்புவார் அத்தை. சீரா போனா?"

இரண்டு பெண்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மஹல்லாவில் சீர்வண்டி வாசலுக்கு வந்துவிட்டால் கதவைத் திறந்தாக வேண்டும். தெரு பார்க்க வந்த சீரைத் திருப்பி அனுப்புவது என்றால் கல்யாணத்தையே முறிப்பது. அதைவிடப் பெரிய அவமானம் அந்த ஊரில் கிடையாது. தலைமுறை தலைமுறையாகப் பேசுவார்கள்.

இன்ஷிரா மறுபடி படியேறினாள், இந்த முறை வாங்குவதற்காக. எல்லா வீட்டிலும் கரீமான் கேட்டதையே கேட்டார்கள், இன்னும் காரமாக. அவள் தலைகுனியாமல் வாங்கிக்கட்டிக்கொண்டாள். "புருஷன் கேட்டா என்ன சொல்றது?" என்று பயந்தவளிடம், "கேக்க மாட்டான், அவன் சட்டையை வேற எங்க காயப்போடறதுன்னுதான் கேப்பான்," என்றாள். சில வீடுகள் கதவையே திறக்கவில்லை. மற்ற வீடுகளில் எந்திரத்தோடு பெண்களும் வருவதாகச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை, கல்யாணச் சீர்கள் கிளம்புகிற அதே சாயங்கால நேரத்தில், மூன்று வண்டிகள் வரிசையாகப் புறப்பட்டன. குலுக்கல் எந்திரங்கள் சிவப்பு ரிப்பன் கட்டி நின்றன. காலடியில் வட்டத்தட்டுகள், மின்சாரப் பட்டைகள், கடைசி வண்டியின் முகப்பில் ஒரு பழைய ரப்பர் சட்டை. ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஹாரனைக் கல்யாணத் தாளத்திலேயே அடித்தார்கள். பெண்கள் குலவையிட்டபடி பின்னால் நடந்தார்கள்.

"யார் வீட்டுப் பொண்ணு?" என்று மாடிகளிலிருந்து கேட்டார்கள்.

"இந்தப் பேட்டைப் பொண்ணுங்க அத்தனை பேரும்!" என்று கரீமான் மேலே பார்த்துக் கத்தினாள். "மாப்பிள்ளை இளைஞர் மையம்! வயசாயிடுச்சு, ஆனா நிலம் இருக்கு!"

மாடிகள் காலியாகித் தெரு நிறைந்தது. மையத்து வாசலுக்கு வந்தபோது பின்னால் பாதிப் பேட்டை நின்றது. ரிஃப்அத் கதவுக் கம்பிக்கு உள்ளே நின்றார். பந்தாடிக்கொண்டிருந்த பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள்.

"என்ன ஹஜ்ஜா இது?"

"நீங்க சொன்னது சரி, உஸ்தாத். எந்திரம் இருக்கிறவங்களுக்கு மைதானம் வேண்டாம். அதான் எந்திரத்தைக் கொண்டு வந்துட்டோம். இனி எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நாங்களும் உங்க ஏழைப் பசங்க மாதிரிதான்."

"இதையெல்லாம் நான் எங்க வெப்பேன்?"

"அது மாப்பிள்ளை வீட்டுக் கவலை," என்றாள் கரீமான். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி, "சீரைத் திருப்பி அனுப்பறீங்களா, உஸ்தாத்?"

ஓட்டுநர்கள் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்கள். ரிஃப்அத் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டத்தில் அவருடைய மனைவி இருந்தாள். அவள் கையில் அவர்கள் வீட்டு மின்சாரப் பட்டை இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி கோணி, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"பயூமி சித்தப்பா, கதவைத் திறங்க."

"ஆட்டைக் கட்டிட்டுத் திறக்கவா, கட்டாமலா?" என்றார் பயூமி. அவருக்கு அதுதான் கவலை.

குலவை வானத்தைப் பிளந்தது. யாரோ ஓடிப்போய்ச் சர்பத் கொண்டுவந்தார்கள். சாமான்கள் கிடங்குக்குப் போயின. சனிக்கிழமை முதல், வெள்ளி தவிர எல்லா நாளும் காலையில் மைதானம் பெண்களுக்கு என்று ரிஃப்அத் எழுதிக் கதவில் ஒட்டினார். தாராளமாகக் கொடுத்ததுபோல் ஒட்டினார். காலங்காலமாக எல்லோருக்கும் சொந்தமான நிலத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது என்பதை இன்ஷிரா மறக்கவில்லை. நன்றி சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

முதல் நாள் ஒரு சுற்றிலேயே மூச்சு வாங்கியது. நெருஞ்சி முள் பொறுக்குவதே முதல் வார வேலையாகிவிட்டது. சிலர் வெட்கப்பட்டுச் சுவரோரமாகவே நடந்தார்கள். ஹனாதி நாலைந்து நாள் மாமியாரோடு சேர்ந்து நடந்துவிட்டு, ஒரு காலை தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அத்தை, நான் கொஞ்சம் ஓடட்டுமா?"

"ஓடு. இதுல கேக்கிறதுக்கு என்ன இருக்கு?"

அவள் ஓடினாள். பள்ளிக்கூடத்தை விட்டபிறகு முதல் தடவை. மூலைக்குப் போய்த் திரும்பும்போது வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு சுவரோரம் நடந்தவர்களும் நடுவுக்கு வந்துவிட்டார்கள்.

ஆரஞ்சுப் பருவம் வந்தபோது டாக்டர் நிவீன் ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை பார்த்தாள். பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"போன உணர்ச்சி திரும்பும்னு நான் ஆசை காட்டமாட்டேன். ஆனா சர்க்கரை இப்படி இறங்கியே இருந்தா இந்தக் கால் உங்ககூடவே இருக்கும், ஹஜ்ஜா."

இன்ஷிரா செருப்பை மாட்டிக்கொண்டு நேராக மையத்துக்குப் போனாள். காலை ஷிப்டுக்குப் போகிற நூற்பாலைப் பெண்களால் காலையில் நடக்க முடியவில்லை. அவர்களில் யாருக்கு என்ன நோய் வளர்கிறதோ, யார் பாதத்தில் யார் நூல் வைத்துப் பார்க்கிறார்கள்? சாயங்காலத்திலும் ஒரு மணி நேரம் வேண்டும். பையன்கள் கொஞ்சம் நகர்ந்து ஆடட்டும்.

அவள் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்ததும் ரிஃப்அத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இன்னிக்கு என்ன ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்க, ஹஜ்ஜா? வண்டி எங்க நிக்குது?"

"வண்டி எல்லாம் இல்ல," என்று சொல்லி இன்ஷிரா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "தேநீர் சொல்லுங்க, உஸ்தாத். சர்க்கரை வேண்டாம். கொஞ்சம் பேசணும்."