தீவில் இரண்டு காலைகள்

என் சித்தி இருபத்தாறு வருடமாக லாண்டரியில் வேலை பார்க்கிறார். தெருமுனை இஸ்திரிக் கடை இல்லை. துறைமுகத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பெரிய கூடம். எதிரே தெரியும் தீவின் ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் படகில் வந்து இறங்கும். வெளுத்து, தேய்த்து, மடித்து மறுநாள் படகில் அனுப்ப வேண்டும். மூட்டையைப் பிரித்ததும் முதலில் கொட்டுவது மணல்தான். பாதித் தீவைக் கூட்டி அள்ளிவிட்டேன் என்று சித்தி சொல்வார். ஆனால் அங்கே அவர் கால் வைத்ததே இல்லை.

சித்தப்பா இரவு பஸ் ஓட்டியவர். அவர் வீடு வந்து சேர ஆறரை ஆகும். சித்தி ஐந்தரைக்கே கிளம்பியிருப்பார். வார விடுமுறையும் ஒரே நாளில் விழுந்ததில்லை. "எங்க மெத்தை ஆறினதே இல்லடி. நான் எழுந்தா அவரு படுப்பாரு" என்று சித்தி சிரிப்பார்.

போன மாதம் சித்தப்பா ஓய்வு பெற்றார். என்ன வேண்டும் என்று சித்தியிடம் போனில் கேட்டேன். புடவை, நகை ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், சித்தி கேட்டது வேறு:

"அவரும் நானும் ஒண்ணா கண்ணு முழிச்சு, எழுந்திரிக்காம சும்மா படுத்துக் கிடக்கணும். ஒரு காலை போதும். வீட்டுல அது நடக்காது, கண்ணுல வேலை பட்டுடும்."

தீவில் இரண்டு இரவுக்கு அறை பிடித்தேன். எந்த ஓட்டல் என்பதைச் சித்தியே சொன்னார்: விரிப்பின் மூலையில் நீல நூல் தைத்திருக்குமே, அது. நான் கடல் கடந்து வாழ்கிறவள். என்னால் முடிந்தது கவலைப்படுவது. மாத்திரை, குடை, காப்பீட்டுத் தாள் என்று பதினேழு செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

படகில் சித்தப்பா படாத பாடு பட்டாராம். வாந்தி இல்லை. அடுத்தவர் ஓட்ட, தான் சும்மா உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. அலை எழும்பும்போதெல்லாம் வலது காலை அழுத்தினார். "இதுல பிரேக்கே கிடையாதாமே" என்று சித்தியிடம் மெல்லச் சொன்னாராம். கரை இறங்கியபோது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நொண்டினார்.

முதல் நாள் காலை நாலரைக்கு சித்திக்கு விழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தால் சித்தப்பா ஏற்கெனவே எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்த நேரத்தில் தூங்கியே பழக்கமில்லை. சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம், கடற்கரைக்கு நடக்கலாம் என்று முடிவானது. கிளம்பும் முன் சித்தியின் கை சும்மா இருக்கவில்லை. விரிப்பை உருவி, தலையணை உறைகளைக் கழற்றி, துண்டுகளைச் சேர்த்து, லாண்டரிக்காரர்கள் போடும் முடிச்சைப் போட்டு மூட்டையைக் கதவருகே வைத்தார். சிதறிக் கிடந்த துணிமணிகளையும் பையில் அடுக்கி மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். சாவி மணலில் விழுந்துவிடுமோ என்று பயம். வரவேற்பில் ஆளில்லை, மேஜைமேல் ஒரு பெட்டி இருந்தது, அதில் போட்டுவிட்டுப் போனார்.

முதல் படகில் ஊர் திரும்புகிறவர்கள் சாவியைப் போட்டுவிட்டுப் போகும் பெட்டி அது.

பத்து மணிக்கு இருவரும் நனைந்த காலோடு திரும்பியபோது அவர்கள் அறையில் வேறொரு குடும்பம். மெத்தைமேல் இரண்டு குழந்தைகள் குதித்துக்கொண்டிருந்தன. பை மட்டும் வரவேற்பில் இருந்தது. மேலாளர் கணினியைக் காட்டினார்: நீங்கள் போய்விட்டீர்கள். வேறு அறை காலியில்லை, சாயங்காலப் படகு இருக்கிறது என்றார். அறை சுத்தம் செய்யும் பெண்ணின் முகம் வெளுத்துப்போனது. தப்பு தன்னுடையதுதான் என்று தொடங்கினாள். சித்தி அவளைப் பேச விடவில்லை.

"நீ என்னம்மா பண்ணுவ? அந்த முடிச்சைப் பார்த்தா நானே ஆள் போயிட்டாங்கன்னுதான் சொல்லுவேன்."

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. குழந்தைகளை வெளியே கிளப்ப வேண்டாம் என்று சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பையைத் தூக்கப் போன சித்தி தூக்காமலே நின்றார். இன்னும் ஒரு காலைதான் பாக்கி என்பது இருவருக்கும் தெரியும். சுத்தம் செய்யும் பெண்தான் மேலாளரை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினாள். சமையலறைக்கு மேலே ஏசி கெட்டுப்போய்ப் பூட்டி வைத்த அறை ஒன்று உண்டாம். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். ஆனால் விரிப்பு கைவசமில்லை, மதியப் படகில்தான் வரும்.

சித்தி படகுத்துறைக்கே போய் உட்கார்ந்துவிட்டார். வந்த கட்டு அவருடைய கூடத்திலிருந்து வந்தது. மேல் மடிப்பைப் பார்த்ததுமே இது யார் கை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "நான் ரெண்டு நாள் இல்லைன்னதும் ஓரம் கோணலா மடிக்கிறா பாருங்க" என்றார். கோணலைப் பிரித்து மெத்தையில் விரித்தது அவர்தான்.

அன்றிரவு சித்தப்பா ஒரு காரியம் செய்தார். விரிப்பின் மூன்று மூலைகளை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகிவிட்டு, நாலாவது மூலையின்மேல் தானே படுத்துக்கொண்டார்.

மறுநாள் அங்கே காலை ஏழு மணி ஆனதும் அழைத்தேன், எடுக்கவில்லை. ஏழரைக்கும் இல்லை. எட்டரைக்குள் படகு கவிழ்ந்தது, நெஞ்சுவலி, இன்னும் என்னென்னவோ என் மனதில் ஓடி முடிந்துவிட்டன. ஓட்டல் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது சித்தப்பாவே கூப்பிட்டார். குரல் காற்றைவிட மெல்லியதாக இருந்தது.

"நாலரைக்கு எழுந்து விரிப்பை உருவப் பார்த்தா. நான் அசையல, விரிப்பு வரல. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டே கூரையைப் பார்த்துக் கிடந்தோம். ஏதேதோ பேசினா. பேசிக்கிட்டே தூங்கிட்டா."

மணி என்ன தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். என் கை மரத்துப்போச்சு, அவ தலை அதுமேல இருக்கு. நீ போனை வை."