தவளைபோல் தாவிய நோயாளி

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகளின் ஞானத்தகப்பன் வீடியோவில் அழைத்தார். கடலூரில் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். என் கணவர் வேலை பார்த்த ரசாயன ஆலையின் முதலாளி. பெரிய மனிதர் கையில் ஏந்தினால் பிள்ளை கரையேறிவிடும் என்று ஞானஸ்நானத்துக்கு நாங்கள்தான் போய்க் கேட்டோம்.

மறு வருடம் ஆலையில் வாயு கசிந்து சிலர் இறந்தார்கள். என் கணவரின் நுரையீரல் கெட்டது. குழாய் பழுதானது தெரிந்தும் ஆலையை ஓட்டினார் என்று முதலாளிமேல் வழக்கு. சம்மன் வருவதற்குள் வெளிநாடு போய்விட்டார். அவரைத் திருப்பி அனுப்பச் சொல்லி நம் அரசாங்கம் அந்த நாட்டைக் கேட்கிறது. எழுந்து நடக்க முடியாத நோயாளி, விமானம் ஏற்றக் கூடாது என்கிறாராம் அந்த ஊர் கோர்ட்டில் அவருடைய வக்கீல். விசாரணை அதிகாரி சொன்னது இது.

"கண்ணு, தவள எப்டிக் குதிக்கும்?" என்றவர், போனைச் சாய்த்து வைத்துவிட்டு, குந்தி உட்கார்ந்து அறை முழுக்கத் தாவிக் காட்டினார். மகள் உருண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன் பிறகே எனக்கு உறைத்தது.

"எப்ப சார் ஊருக்கு வருவீங்க?"

"அங்க ஜெயில்ல கொசு ஜாஸ்திம்மா."

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்த என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"போலீசுக்குச் சொல்லிடாத," என்றார் கணவர். "புள்ளையோட ஞானத்தகப்பன். அவரப் புடிச்சா என் மூச்சு திரும்பிடுமா? ஒரு ஆளுக்காக கவர்மெண்டு ஏன் இப்டி அலையுதுன்னே புரியல."

எனக்கும் முழுதாகப் புரியவில்லை. அந்த ஆலைக்கு அனுமதி கொடுத்ததும் இதே அரசாங்கம்தான். தன் மானத்துக்காகவும் துரத்தலாம். ஆனால் போனவர் போகட்டும் என்று விட்டால், அடுத்த முதலாளி குழாயைச் சரிபார்க்க மாட்டான், பாஸ்போர்ட்டைச் சரிபார்த்துக்கொள்வான். அவர் வந்து நிற்காமல் இங்கே வழக்கும் நகராது.

இருந்தும் தயங்கினேன். மகளை ஏந்தியிருந்த அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. அவளிடம் பிற்பாடு என்ன சொல்வேன்? யோசித்து யோசித்து, கடைசியில் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன்.

"நல்லாத் தாவுனாராம்மா? மூச்சு வாங்கலையா?"

"இல்ல சார். எங்க வீட்டுக்காரருக்குத்தான் வாங்குது."