ஈதர் குறையாத நாள்

மழை பிடித்துக்கொண்டால், சிங்கப்பூரில் எங்கள் மார்சிலிங் வீட்டில் என் மருமகள் மூங்கில் கழியில் காயும் துணிகளை எடுக்க ஓடுகிறாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே மழையைத் திட்டுகிறேன். ஜப்பானியர் காலத்தில் என் அக்காள் கணவரைக் கொண்டுபோனது ஒரு மழைதான்.

அத்தான் ஜாலான் புசார் பக்கம் ஓர் எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார். கண்ணாடிச் சாமான் கழுவ என்னையும் சேர்த்துவிட்டிருந்தார். கொப்பரைத் தூளில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்ப்பது அங்கே வேலை. கீழே குடுவையில் ஈதர் கொதிக்கும். அதன் ஆவி மேலே போய், தண்ணீர் சுற்றி ஓடும் குழாயில் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகத் தூளின்மேல் விழும். எண்ணெயைக் கரைத்துக்கொண்டு மறுபடி குடுவைக்கே இறங்கும். ஊற்றிய ஈதர் ஏறக்குறைய அப்படியே திரும்பி வரவேண்டும். எங்களுக்குப் பாதிகூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிற சரக்கு அது. கள்ளச் சந்தையில் ஏகக் கிராக்கி. யாரோ திருடுகிறார்கள் என்று ஜப்பானிய அதிகாரி முடிவுகட்டிவிட்டான்.

அத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தக்கையை மாற்றினார், இணைப்புகளை இறுக்கினார், குடுவையின் சூட்டைக் குறைத்தார். கடைசியில் குளிர்விக்கும் தண்ணீரில் விரலை விட்டவர் சிரித்தேவிட்டார்.

"தொட்டுப் பாரு, சுடுது! தகரக் கூரை மேல தொட்டி, நாள் முழுக்க வெயில்ல காயுது. இதுல ஆவி எப்படிக் குளிரும்? எல்லாம் காத்தோட போயிடுது லா."

"ஐஸ் கேட்டுப் பாருங்க அத்தான்."

"கேட்டா குடுப்பானா? அவனே வந்து உக்காந்து பாக்கட்டும். கண்ணால பாத்தா நம்புவான்."

அதிகாரி மறுநாளே வந்து உட்கார்ந்தான். அன்று காலையிலிருந்தே மழை. கூரைத் தொட்டி நிரம்பி வழிந்தது. அத்தான் குழாயைத் தொட்டுப் பார்த்தார், ஜில்லென்று இருந்தது. இன்றைக்கு வேண்டாம், வெயிலடிக்கிற நாளில் பாருங்கள் என்று மலாயில் கெஞ்சினார். கெஞ்சியதே வினையாகிவிட்டது. மாலையில் அளந்தபோது ஊற்றிய ஈதர் குறையாமல் அப்படியே இருந்தது.

நான் உட்கார்ந்தால் குறையவில்லை, நீ உட்கார்ந்தால் குறைகிறது என்றான் அதிகாரி, குரலைக்கூட உயர்த்தாமல். பிறகு அறைந்தான். லாரி வந்தது. ஏறும்போதும் அத்தான், "தண்ணி சூடாகட்டும், அப்புறம் பாருங்க" என்றே சொல்லிக்கொண்டு போனார். அக்காளுக்கென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சில நாள் கழித்து வெயில் கொளுத்தியது. அதிகாரியே கருவியை ஓட்டிப் பார்த்தான். ஈதர் போய்விட்டது. குழாயைத் தொட்டுப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் தொட்டிக்கு ஓலை வேய்ந்து, ஐஸுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். கருவி சரியாகிவிட்டது.

அத்தானை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். அவன் சொன்னது சரிதான், ஆனால் அவன் இப்போது உயிரோடு இல்லை என்றான். சொல்லிவிட்டு ஒரு சிறு மூட்டை அரிசியை என்னிடம் நீட்டினான்.

மரவள்ளிக்கிழங்கையே தின்றுகொண்டிருந்த காலம். மூட்டையை அவன் முகத்தில் எறியவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து நடந்ததைச் சொன்னேன். அக்காள் அழுது ஓய்ந்த பிறகு எழுந்துபோய் அடுப்பை மூட்டினாள். அத்தானின் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.