தள்ள முடியாத கார்

டாக்சி ஸ்டாண்டில் அவளை எல்லோரும் பேட்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக வைத்த பெயர். அவளோ அதையே எழுதிக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டாள். ஆள் அப்படி! பத்தொன்பது வருடம் பெட்ரோல் கார் ஓட்டியவள், ஒருநாள் அதை விற்றுவிட்டு மின்சாரக் காரோடு வந்து நின்றாள். வீட்டில் அது சார்ஜ் ஏறும் நேரத்தில் தையல்காரக் கணவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் போச்சு, வீடே இருண்டுவிடும்.

"எண்ணெய்க் கப்பல் வரலைன்னா உங்க வண்டியெல்லாம் படுத்துடும்" என்பாள்.

"உன் கரண்ட்டு மட்டும் வானத்துலேர்ந்தா கொட்டுது? அதுக்கும் எங்கேயோ எதையோ எரிக்கத்தான் செய்றான்" என்பார் ஸ்டாண்டு செயலாளர். "பெட்ரோல் தீர்ந்தா பாட்டில்ல வாங்கிட்டு வரலாம். கரண்ட்டைப் பாட்டில்ல புடிச்சிட்டு வருவியா?"

அவள் துணியை எடுத்துப் பின்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவாள். தோற்றதாக மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

வம்பு வேறு வழியில் வந்தது. அந்த ஸ்டாண்டில் வரிசை நகரும்போது யாரும் எஞ்சினைக் கிளப்ப மாட்டார்கள். எண்ணெய் மிச்சமென்று கையால்தான் தள்ளுவார்கள். ஓட்டுநர் எங்கேயாவது போயிருந்தால் பின்னால் நிற்பவர் தள்ளிவிடுவார், முறை போகாது. இவள் காரோ, அணைத்துவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆறு பேர் சேர்ந்தாலும் அசையாது. சாவியைத் தருகிறேன் என்றாள். ஒருவரும் வாங்கவில்லை.

"தள்ள முடியாத வண்டிக்கு வரிசையில இடம் கிடையாது. வர்ற வெள்ளிக்கிழமை கூட்டத்துல முடிவு பண்ணிடலாம்" என்றார் செயலாளர்.

முறை போய்விடுமே என்று, கழிப்பறைக்குக்கூட இறங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிழைப்பே அந்த வரிசைதானே.

திங்கட்கிழமை எங்கேயோ கடலில் கப்பல்கள் நின்றுபோயின. பெட்ரோல் பங்க்குகளில் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். மறுநாள் ஸ்டாண்டில் பதினொரு கார்கள் வறண்டு நின்றன. அப்போது பெட்டியும் கையுமாக ஒரு பயணி வந்தார்.

வரிசையில் முதல் ஆள் செயலாளர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீயே போ. இனி உன் காலம்தானே" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஜெயித்தோமடா என்று ஒரு கணம் குதிக்கத் தோன்றியதும் உண்மை. ஆனாலும் இறங்கிப் போய்ச் சாவியை அவர் கையில் வைத்தாள்.

"முறை உங்களோடது அண்ணே. என் வண்டி ஓடுதுன்னு அதை நான் எடுத்துக்க முடியுமா? போயிட்டு வாங்க. ஆக்சிலேட்டரை மட்டும் மெதுவா மிதிங்க, பாய்ஞ்சிடும்."

சத்தமே வராததால் கார் கிளம்பவில்லை என்று நினைத்து, மனிதர் மூன்று முறை அதை அணைத்தார். ஒருவழியாகப் போனார், வந்தார். அடுத்த முறைக்காரர் சாவிக்குக் கை நீட்டினார். மூன்று நாளும் இப்படியே எல்லோரும் ஓட்டினார்கள்.

வியாழன் இரவு பெட்ரோல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை வரிசை பழையபடி நிறைந்திருந்தது. கூட்டத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. அவள், ஆனது ஆகட்டும் என்று சாவியைக் காரிலேயே விட்டுவிட்டு, எதிர்ப்புறத்து டீக்கடைக்கு நடந்தாள்.

பாதி டீ குடிப்பதற்குள் வரிசை நகர்ந்தது. அவள் காருக்கு முன்னால் இடைவெளி விழுந்தது. பின்னால் நின்ற செயலாளர் இறங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, ஏதோ முணுமுணுத்தார். பிறகு அவள் காரில் ஏறி முன்னே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்து, தன் காரைத் தள்ளத் தொடங்கினார்.

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு டீ போடுங்க. அவசரமில்ல."