திரைக்கு முதுகு காட்டி நின்றவர்

ரப்பர் தோட்டத்தை விட்டு நகரத்துக் காஜா பெராங் பகுதிக்குக் குடிவந்த கலியாணசுந்தரம், பண்டார் ஹிலிர் படக்கொட்டகையில் ஒன்பது வருடம் டிக்கெட் கிழித்தார். ஆனால் ஒரு வாள் சண்டையைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் காட்சியில் சண்டை தொடங்கினால் வாண்டுகள் நாற்காலி மேல் ஏறிவிடும். அப்போது திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. படம் எப்படி என்று யாராவது கேட்டால், "பின் வரிசையில நாலு பேரு அழுதாங்க, நல்ல படந்தான்" என்பார்.

1957இல், மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்கு இரண்டு மாதம் இருந்தபோது, அந்தக் காட்சிக்கே ஆபத்து வந்தது. தமிழ்ப்பள்ளி ஆசிரியை பாக்கியலட்சுமியின் ஒன்பது வயது மகள் சீதா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு, படத்தில் பார்த்ததுபோல, தென்னை மட்டையில் வாள் சண்டை போட்டுப் புருவம் கிழிந்து வந்தாள். மூன்று தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். பிள்ளைகள் காட்சியை நிறுத்தச் சொல்லி ஆசிரியை ஒரு மனு எழுதி நாற்பது கையெழுத்து வாங்கினார். முதலில் கையெழுத்துப் போட மறுத்தவர் பக்கத்து வீட்டு மருதமுத்து.

"நாங்க அந்தக் காலத்துல அடிச்சிக்கிட்டது எந்தப் படத்தப் பாத்து, டீச்சர்?"

"அந்தத் தழும்பு இன்னும் உங்க மண்டையில இருக்கே, அண்ணே. என் பிள்ளைக்கும் வேணுமா?"

மருதமுத்து தலையைத் தடவிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

காட்சி நின்றால் கலியாணசுந்தரத்தின் வேலையும் போகும். அவர் ஆசிரியை வீட்டுக்குப் போனார், வாதாடவில்லை. ஒரே ஒரு ஞாயிறு தம் பக்கத்தில் வந்து நிற்கும்படி கேட்டார். "படத்தப் பாக்காதீங்க. அவங்களப் பாருங்க."

ஆசிரியை மனுவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். சீதா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் வாள்கள் மோதின. முந்நூறு முகங்கள் ஒரே நொடியில் வெளிச்சமாகி, ஒரே நொடியில் இருண்டன. "வெட்டு! வெட்டு!" என்று கொட்டகை அதிர்ந்தது. எதற்குப் பயந்தாரோ அதுவே கண் முன்னால் நடப்பதைக் கண்டு ஆசிரியை விறைத்து நின்றார்.

பின்னால் திரையில் யாரோ விழும் சத்தம். வாள்கள் ஓய்ந்தன, கூச்சலும் ஓய்ந்தது. லாலான் புல் மேல் காற்று ஓடுவதுபோல வரிசை வரிசையாக முகங்கள் மாறின. வெட்டச் சொல்லிக் கத்தியவன் வாயைப் பொத்திக்கொண்டான். சீதாவின் ஒரு கை தையல் போட்ட புருவத்தில் இருந்தது. இன்னொரு கை பக்கத்துச் சிறுமியின் கண்களை மூடியிருந்தது.

பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளின் முகம் பார்த்தே பிழைத்த பாக்கியலட்சுமிக்கு இந்த முகங்கள் புதிது.

"எப்பவும் இப்படியா?"

"எப்பவும்தான். கத்துறதும் இவங்கதான், கலங்குறதும் இவங்கதான். எனக்கு இன்னும் பிடிபடல, டீச்சர்."

ஆசிரியை மனுவைக் கிழிக்கவில்லை. 'நிறுத்த வேண்டும்' என்பதை அடித்துவிட்டு, ஏழு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர்களோடுதான் வர வேண்டும், கண்காணிக்க இன்னொருவரும் நிற்க வேண்டும் என்று திருத்தினார். நாற்பது பேரிடமும் திரும்பப் போய்ச் சம்மதம் கேட்டார். சம்பளமில்லாமல் ஆள் கிடைத்ததில் முதலாளிக்கு மகிழ்ச்சி.

மறு ஞாயிறு முதல் எதிர்ப்பக்க நடைவழியில், திரைக்கு முதுகைக் காட்டி நின்றவர் பாக்கியலட்சுமிதான். அந்த முதல் ஞாயிறு வில்லன் எப்படிச் செத்தான் என்று இரண்டு பேருக்கும் கடைசிவரை தெரியாது.