ஆக்சிலேட்டருக்குக் கொஞ்சம் இடம்

என் கணவர் அந்த வண்டியை ஜவளகிரியிலிருந்து மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. யாருடைய மாட்டுக் கொட்டகையிலோ வருடக்கணக்காகக் கிடந்த வண்டி. அறுபது சிசி, டூ ஸ்ட்ரோக், மூன்று கியர். நாங்கள் பிறப்பதற்கு முன்பே ஓடி முடித்துவிட்டது. ஹேண்டில்பாரின் வலது பக்கம் கீழே மடங்கி, வாத்தியார் காதைத் திருகிவிட்ட பிள்ளை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஆக்சிலேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் துருவேறிய வெறும் குழாய்தான் இருந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று ஊத்தங்கரையில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னேன், அவர் காதிலும் விழட்டும் என்று.

அவர் ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை செய்கிறார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். நான் அதே கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன். அவர் கடைந்து அனுப்பிய ஒரு பாகத்தை நான் ரிஜெக்ட் செய்ததில்தான் எங்களுக்குள் பேச்சே தொடங்கியது. கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. அவர் செய்வார், நான் அளப்பேன். எங்கள் வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் லொடலொடவென்று ஆடினால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

வண்டி மாடிப்படிக்கு அடியில் சாக்கு போர்த்திக்கொண்டு கிடந்தது. போன மழைக்காலத்தில் சூளகிரி சர்வீஸ் ரோட்டில், மணல் லாரி கொட்டிவிட்டுப் போன மணலில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது மணிக்கட்டு உடைந்து, உள்ளே பிளேட் வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கைக்குப் பழைய பலம் வரவில்லை, ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கக்கூட முடியவில்லை. முடியாததைவிடப் பயம் பெரிதாக இருந்தது. ஸ்கூட்டரை விற்றுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வந்தேன். உட்கார்ந்த இடத்தில் தூங்கலாம், அதுவும் சுகம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. குருபரப்பள்ளியைத் தாண்டி உள்ளே தள்ளிப் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு சின்ன யூனிட்டில், இன்ஸ்பெக்‌ஷன் முழுவதையும் என் பொறுப்பில் தருவதாகக் கூப்பிட்டார்கள். இத்தனை வருடமும் யாரோ சொன்ன அளவுக்கு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தவள் நான். அளவு எதுவாக இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்துக்குப் போக எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அங்கே கம்பெனி பஸ் கிடையாது. டவுன் பஸ் ஹைவேயோடு போய்விடும். அவருக்கோ வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். நானே ஓட்டிக்கொண்டு போனால்தான் அந்த வேலை எனக்கு, இல்லாவிட்டால் இல்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, வரமாட்டேன் என்று சொல்லப்போகும் நிலையில்தான் மாடிப்படிக்கு அடியில் பெருக்கினேன். குறுக்கே நின்ற அந்தக் கிழட்டு வண்டியை எரிச்சலோடு தள்ளினேன். நகர்ந்தது. ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பார்த்தேன், இறங்கியது. திரும்ப ஏற்றினேன், ஏறியது. சைக்கிளைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய், இதை எனக்கு ஓடுகிற மாதிரி செய்து தர முடியுமா என்று அவரைக் கேட்டேன். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து எனக்கு மறுபடியும் கோபம் வந்தது வேறு விஷயம்.

இன்ஜினில் பெரிய குறை இல்லை. கையில் பிடிக்கிற பக்கம்தான் பாழாகியிருந்தது. ஹேண்டில்பாரின் நல்ல பக்கத்தை அட்டையில் வரைந்து, அட்டையைப் புரட்டிப் போட்டு, அதற்கு ஒத்துவரும்வரை வளைந்த பக்கத்தை அவரும் லேத் வைத்திருக்கும் அவர் நண்பரும் சூடுகாட்டி நிமிர்த்தினார்கள். பிறகு குரோம் முலாம் பூசக் கொடுத்தோம். முலாம் பட்டறைக்காரர் கன்னடக்காரர். முன்பு இருந்த மாதிரி பளபளப்பு வருமா என்று நான் கேட்டதற்கெல்லாம் “ஆகுத்தம்மா, ஆகுத்து” என்று ஒரே பதில். சொன்னபடியே ஆயிற்று. வந்த ஹேண்டில்பாரில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஆக்சிலேட்டர் திருகும்போது ஹேண்டில்பாரின் மேல் சுற்றுமே ஒரு குழல், அது பழையதில் பொடியாகியிருந்தது. கடையில் கிடைத்த எதுவும் இவருக்குப் பிடிக்கவில்லை, எல்லாம் ஆடுகிறதாம். நைலான் கட்டை வாங்கி, நண்பரின் லேத்தில் தானே கடைந்தார். முலாம் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் மயிரிழை இடம் விட்டிருந்தார். நான் வெர்னியரை எடுத்து அளந்தேன். ஹேண்டில்பாரில் மாட்டி இரண்டு விரலால் திருப்பினேன். நெய்யில் சுற்றுவது போலச் சுற்றியது, விட்டதும் டக்கென்று திரும்பியது. ஆட்டம் என்பதே இல்லை. இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை என்று அவரிடமே சொன்னேன். அப்படி நான் சொல்வது அபூர்வம். அன்றைக்கு அவர் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு லேஅவுட். மனைக் கல் நட்டதோடு சரி, ஒரு வீடும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கொண்டுபோனோம். முதல் கியர் போட்டேன். வண்டி நகர்ந்ததுமே அந்த மணல், அந்தச் சறுக்கல், எல்லாம் கண்முன்னே வந்துவிட்டது. கையை இறுக்கினேன். வேகத்தைக் குறைக்கலாம் என்று ஆக்சிலேட்டரை விட்டால் அது திரும்பவில்லை. பயந்து இன்னும் இறுக்கினேன், கிளட்சும் பிரேக்கும் ஞாபகத்துக்கே வரவில்லை. வண்டி அலறிக்கொண்டு மனைக் கற்களுக்கு நடுவே ஓடியது. பின்னால் அவர் கத்திக்கொண்டு ஓடிவருவது கேட்டது, என்ன கத்தினார் என்று புரியவில்லை. கடைசியில் மணிக்கட்டில் சுரீரென்று ஒரு வலி, கை தானாகத் திறந்துகொண்டது. அந்த நொடியே இன்ஜின் அடங்கியது. வண்டியும் நானும் பக்கத்துக் கேழ்வரகுக் கொல்லையில் போய் நின்றோம். விழவில்லை.

அவர் மூச்சிரைக்க வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என் கையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“வேணாம், விட்ருவோம்” என்றார். “வேலை இன்னொண்ணு வரும். கை வராது.”

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. அந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதும். அதற்குப் பிறகு எதற்கும் யாராவது கொண்டுபோய் விட வேண்டும், கூட்டிக்கொண்டு வர வேண்டும். கேழ்வரகுத் தாளுக்கு நடுவே வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

அழுதாலும் என் தொழில் புத்தி போகவில்லை. நின்ற வாக்கிலேயே ஆக்சிலேட்டரை இரண்டு விரலால் திருப்பினேன். அழகாகத் திரும்பியது. வீட்டில் பார்த்த மாதிரியே. பிறகு கை முழுவதும் போட்டு, சற்றுமுன் பிடித்தது போலவே இறுக்கித் திருப்பினேன். நின்ற இடத்திலேயே நின்றது. கையைத் திறந்தேன், டக்கென்று திரும்பியது.

“ஏங்க, நீங்க இறுக்கிப் புடிச்சி திருப்பிப் பாருங்க” என்றேன்.

அவர் பிடித்துப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். மனைக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். குழல் மெல்லியது, அதற்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இடமே இல்லை. இறுக்கிப் பிடித்தால் குழல் அமுங்கி ஹேண்டில்பாரைக் கவ்விக்கொள்கிறது. போதாததற்கு முனையில் முலாம் கொஞ்சம் தடித்து ஏறியிருக்கிறது, நான் அளந்ததோ நடுவில். அவர் கடைந்தார், நான் பாஸ் செய்தேன். பயந்துபோன ஒரு கை இதைப் பிடிக்கும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பயப்படாமல் தளர்வாகப் பிடித்து ஓட்டினால் சரியாகிவிடும் என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம். பயப்படாதே என்று சொன்னால் போய்விடுவதற்கு அது என்ன விக்கலா? பயந்தவள் இறுக்கித்தான் பிடிப்பாள். இறுக்கிப் பிடித்தாலும் அது திரும்ப வேண்டும், இதுதான் இனி என் அளவு, இதற்கு ஒத்துவராவிட்டால் ரிஜெக்ட் என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பு டூல் ரூம் வாசலில் நின்று பார்த்த அதே பார்வை. சிரித்தும்விட்டார்.

சாயங்காலம் குழலின் உள்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தார். மாட்டுவார், நான் இறுக்கிப் பிடிப்பேன், இன்னும் என்பேன். இதற்கு மேல் தேய்த்தால் ஆடும் என்று கெஞ்சினார். ஆடட்டும் என்றேன். முடிந்தபோது அது கடையில் விற்கிற குழல் மாதிரியே லொடலொடத்தது. அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கவ்வாமல் கையோடு திரும்பியது. மறுநாளிலிருந்து தினமும் லேஅவுட்டில் ஓட்டினேன். பிறகு தெருவில், பிறகு சர்வீஸ் ரோட்டில் அந்த மணல் கிடந்த இடத்தைத் தாண்டி.

வேலையில் சேரும் நாளில், பின்னாலேயே தன் வண்டியில் வருவதாகச் சொன்னார். நீங்கள் பின்னால் வந்தால் நான் ரோட்டைப் பார்க்க மாட்டேன், உங்களைத்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹைவேயில் போகிற கன்டெய்னர் லாரிகளின் காற்று சர்வீஸ் ரோடு வரை வந்து வண்டியைத் தள்ளியது. ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் ஆக்சிலேட்டர் என் பேச்சைக் கேட்டது.

யூனிட் வாசலில் நிறுத்தியபோது விரல்கள் விரிய மறுத்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். உள்ளங்கை முழுவதும் கைப்பிடி ரப்பரின் கோடுகள் அச்சாகப் பதிந்து சிவந்திருந்தன. வழி நெடுக அப்படித்தான் பிடித்திருக்கிறேன்.

வாட்ச்மேன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வண்டி ஓட்டி வந்தவர் எங்கே என்று தேடினார் போல.

“நான்தாங்க ஓட்டினு வந்தேன்” என்றேன்.

அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. “அப்ப நெழல்ல போடுங்க மா, சீட்டு சுட்டுறும்” என்று புங்க மரத்தைக் காட்டினார். வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய், அந்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டேன்.